வரலாறு கற்பிப்போரும் வரலாறு எழுதுவோரும்

நமது நாட்டில் வரலாற்றைக் கற்பிப்போர் ஒரு சாரார். அதனை எழுதுவோர் மற்றொரு சாரார். கற்பிப்போர் தொகை பல்லாயிரம். எழுதுவோர் தொகையோ விரல்விட்டு எண்ணத்தக்கது. ஒருவர் எழுதிய பாடநூலை வேறொருவர் ஒப்புவிக்க, மூன்றாமவர் மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டுப் போகின்ற இம்முறை, கல்வியின் இயற்கை போலவே நமக்குப் பழகிவிட்டது. ஆசிரியர் ஒருவர் ஆராய்ச்சி செய்கின்றார் என்று கேள்வியுற்றால் வியப்படைகின்றோம். ஏனைய ஆசிரியர்கள் ஏன் செய்யவில்லை என்று நாம் கேட்பதில்லை. அவர்களுக்கு ஆற்றல் இல்லை என்பது விடையாகாது. ஆற்றல் விளைவதற்கு வேண்டிய நிலைமைகள் யாவை, அவை யாருக்கு வாய்த்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பதே கேள்வி. இக்கேள்வியை வெட்டவெளியில் நின்று ஆராய்வதிலும் ஓர் ஊரில் நின்று ஆராய்வது நலம். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையை அதற்கு எடுத்துக்கொள்வோம்.

கலேவெலையை அடுத்துள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடறிந்த ஊர். திருவிழாக் காலத்தில் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே திரள்கின்றனர். கண்டி இராச்சியத்தின் பழைய எல்லைக்குள், பௌத்த விகாரைகள் நிறைந்த பிரதேசத்தின் நடுவே, இத்துணைப் பழமையான கத்தோலிக்கக் குடியிருப்பு எவ்வாறு தோன்றிற்று? 1656ஆம் ஆண்டிலே கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. தோற்ற போர்த்துக்கேயருள் ஒரு பகுதியினர் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்குட்பட்ட மலைநாட்டிலே கைதிகளாகவும் அடைக்கலம் புகுந்தோராகவும் தங்கினர். அத்தகையோரின் வழித்தோன்றல்களே வஹகோட்டையார் என்பது வழிவழி வரும் செய்தி. 1660 முதல் 1679 வரை மலைநாட்டிலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனாகிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலிலே, அரசனது நாட்டில் வாழ்ந்த போர்த்துக்கேயரைப் பற்றியும் எழுதியிருக்கின்றான்.

ஒல்லாந்தர் தம் ஆட்சிப் புலத்திலே கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகள், 1692இல் கண்டிக்குச் சென்று, ஒற்றன் என்ற ஐயத்தின் பேரில் முதலில் சிறையிடப்பட்டுப் பின்னர் அங்கேயே பணிசெய்து 1711இல் மறைந்தார். அவர் வழியில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். 1740களில் கண்டி அரசன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் குருமாரை வெளியேற்றிய பின்னர், மலைநாட்டுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் நிலையான குருவின்றி வாழ நேர்ந்தது.

அக்காலத்திலே ஓர் இனக்குழுவின் நினைவைக் காத்தோர் யாவர்? செபங்களைச் சொல்லிக்கொடுத்தும், பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்தும், இறந்தோரை அடக்கம் செய்வித்தும் வந்த ஊர்ப் பெரியவர்களே. இலங்கைக் கத்தோலிக்கரிடையே, சிங்களம் பேசுவோர் நடுவிலுங்கூட, இவர்களுக்கு வழங்கிய பெயர் ‘அண்ணாவி’ என்பதாகும். தமிழர்க்கு இச்சொல் அந்நியமன்று. திண்ணைப் பள்ளியில் ஏடு தொடக்கி வைத்தவன் அண்ணாவி. கூத்துப் பழக்கியவனும் அண்ணாவியே. ஆக, கற்பிப்பவனும் நினைவைக் காப்பவனும் ஒருவனாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அவ்விரு தொழில்களும் பிரிந்ததே நாம் ஆராய வேண்டிய பொருள்.

வஹகோட்டையைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். நொக்ஸ் தப்பியோடிய கைதி. போர்த்துக்கேயர் வரலாற்றைப் பெருநூலாக எழுதிய பெர்னாவ் தெ கெய்ரோஸ் பாதிரியார் கோவாவில் இருந்து எழுதியவர். இலங்கையைக் கண்ணாற் கண்டவர் அல்லர். மத்திய மாகாணத்து ஊர்களை அகரவரிசையில் தொகுத்து 1896இலும் 1898இலும் இரு பாகங்களாக வெளியிட்ட ஆர்ச்சிபோல்ட் லோரி, கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்தவர். லோரியின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை; இன்றும் அந்நூலை விட்டு மாத்தளை வரலாற்றை எழுதவியலாது. ஆனால் நீதிபதிக்குக் காணி வழக்கின் பத்திரங்கள் தாமே மேசைக்கு வந்தன, எழுத்தர் இருந்தனர், அரசாங்க அச்சகம் இருந்தது. காணி உடையோனின் பெயர் அவ்வேடுகளில் ஏறியது. காணியில்லாதவனின் பெயர் ஏறவில்லை. ஆராய்ச்சி எந்த அலுவலகத்தில் பிறக்கின்றதோ அந்த அலுவலகத்தின் கண்களாலேயே உலகத்தைக் காண்கின்றது.

இவ்வரிசையில் ஒரு பெயர் தனித்து நிற்கின்றது. கெய்ரோஸ் பாதிரியாரின் போர்த்துக்கேய நூலை 1930இல் ஆங்கிலத்தில் வெளிக்கொணர்ந்த எஸ். ஜி. பெரேரா அடிகள், காலி புனித அலோசியசுக் கல்லூரியில் கற்பித்தவர். மாணவர்க்கென அவர் எழுதிய இலங்கைச் சரித்திரம் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாயிற்று. மூலச்சுவடியைப் படித்தவரே பாடநூலையும் எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்கு மொழிப்பயிற்சி இருந்தது. குடும்பப் பாரம் இல்லை. உலகெங்கும் நூலகங்களும் தொடர்புகளும் உடைய ஒரு துறவற சபை பின்னால் நின்றது. இந்நிலைமைகளை நீக்கிவிட்டு அவருடைய திறமையை மட்டும் புகழ்வது பாதி உண்மையையே கூறுவதாகும்.

வஹகோட்டை மாத்தளை மாவட்டத்தின் ஒரு கேள்வி. மற்றொரு கேள்வி அதற்கு அண்மையிலேயே, தம்புள்ளையிலிருந்து நாலந்தை வழியாக மாத்தளைக்கு இறங்கும் பாதையில் கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நூற்றுக்கு மேற்பட்ட மைல்கள் கால்நடையாக நடந்து வந்து சேர்ந்த முதற் பெரிய ஊர் மாத்தளை. பசியாலும் காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் வழியிலே மாண்டோர் பல்லாயிரவர். அவர்களைப் புதைத்த இடங்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. 1848இல் புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் முன்னின்ற மாத்தளைக் கிளர்ச்சியைப் பாடநூல் கூறுகின்றது. அதே ஆண்டில் அதே பாதையில் நடந்து வந்தவனைப் பற்றி அப்பாடநூல் கூறுவது மிகச் சொற்பம்.

இக்குறையை யார் நிரப்புவது? பேராதனையிலிருந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து ஒரு மாதம் தங்கிச் செல்லலாம், அதுவும் வேண்டியதே. ஆனால் ஊரில் எந்தக் கிழவிக்கு எந்த ஒப்பாரி தெரியும், எந்தக் கோயிற் பெட்டியில் பழைய கணக்கேடு இருக்கின்றது, எந்தக் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறிற்று, எந்தக் குடும்பம் பின்தங்கிற்று என்பவற்றை அறிந்தவர் அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியரே. வீடுதோறும் நுழையும் உரிமை அவருக்கு உண்டு. முப்பது பிள்ளைகள் நாள்தோறும் முப்பது வீடுகளின் செய்திகளை அவரிடம் கொண்டுவருகின்றனர். உலகின் எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் வாய்க்காத களம் இது. அட்டன் பகுதியில் ஆசிரியராயிருந்து, 1947இல் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். அம்மக்களோடு வாழ்ந்தவரின் செவிக்கே அவை எட்டின. ஆயின் களம் மட்டும் இருந்தால் போதாது என்பதனை நமது மொழியின் வரலாறே உணர்த்துகின்றது.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்வோம். அவர் கற்றிருந்த நூல்கள் பல. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவரைச் சந்தித்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். முதலியார் தமிழாசிரியர் அல்லர். ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப். அக்கேள்வியே ஒரு வாழ்நாளின் திசையை மாற்றிற்று. சைன நூலின் பொருள் விளங்காதபோது ஐயர் கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று மாணவரைப் போற் கேட்டறிந்தார். விடுமுறைக் காலங்களில் ஏடு தேடி ஊரூராய் அலைந்தார். ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1894இல் புறநானூறு வந்தது. அவர் கல்லூரியில் கற்பிப்பதை நிறுத்திவிட்டு இவற்றைச் செய்தாரல்லர். 1919 வரை ஆசிரியத் தொழிலிலேயே இருந்தார். நல்ல கேள்வி ஒன்றை எழுப்பக்கூடிய வாசகன், விடுமுறை, தம்மிலும் அறிந்தவரிடம் கேட்கும் துணிவு, அச்சுக்கு முன்பணம் தந்த ஆதரவாளர் ஆகிய நான்கும் அவருக்குக் கூடிவந்தன. பிந்தியது தடுமாறிய போதெல்லாம் வேலையும் தடுமாறிற்று.

விபுலாநந்த அடிகளோ மட்டக்களப்புக் காரைதீவிலே 1892இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறினார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே வரும் இசைக் குறிப்புகள் இலக்கணப் புலமை ஒன்றினால் மட்டும் விளங்கத்தக்கன அல்ல. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணிதத் தொடர்பு தெரிந்தவருக்கே அவை விளங்கும். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் விளைவான யாழ்நூல் 1947இல் வெளிவந்தது; அவ்வாண்டிலேயே அடிகளும் மறைந்தார். விஞ்ஞான வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒருவர் மூளையிலே சந்தித்ததால் விளைந்த நூல் அது. பாடவேலிகளுக்குள் ஆசிரியரைக் கட்டிவைக்கும் முறையினால் இத்தகைய நூல் விளையாது.

ஐயரும் அடிகளும் பெரியோர். அவர்களைப் போல எல்லாரும் ஆகவியலுமா என்று நண்பர்கள் வினவுவர். நியாயமான வினா. தனிமனிதரின் தியாகத்தை மட்டும் நம்பி ஒரு நாட்டின் அறிவு வளர்ச்சியைத் திட்டமிட முடியாது. இங்கேதான் பாளையங்கோட்டை நா. வானமாமலையின் வழி நமக்குப் பயன்படுகின்றது. 1917இல் நாங்குனேரியிற் பிறந்த அவர் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, பின்னர் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். பொதுவுடைமை இயக்கத்தில் நின்றவர். பல்கலைக்கழகப் பதவி ஏதும் இல்லாமலே, 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் பெருந்தொகுதியைக் கொணர்ந்தார். அப்பாடல்களை அவர் ஒருவரே திரட்டவில்லை. எஸ். எஸ். போத்தையா முதலியோர் தத்தம் வட்டாரங்களிலே சேகரித்து உதவினர். சேகரித்தவர் பெயரும் இடமும் தொகுதியில் குறிக்கப்பட்டன. 1967இல் நெல்லை ஆய்வுக் குழு அமைந்தது. 1969இல் ‘ஆராய்ச்சி’ என்னும் இதழ் தோன்றிற்று. ஆசிரியரும் மாணவரும் கூடிக் கட்டுரை படிப்பர். கேட்டோர் குறை கூறுவர். திருத்தப்பட்ட கட்டுரை இதழில் அச்சேறும். பட்டமில்லாதவனும் சான்று வைத்திருந்தால் பேசலாம்; பேராசிரியனும் சான்றில்லையேல் வாய்மூட வேண்டும். 1980இல் அவர் மறைந்தபின்னும் அக்குழுவிற் பயின்றோர் பலர் நூல்கள் எழுதினர். ஒருவர் நூறு நூல்கள் எழுதுவதைக் காட்டிலும் நூறு பேர் ஆளுக்கொரு நூல் எழுதுமாறு செய்வது கடினமான பணி. சமுதாயத்துக்குப் பயன் மிகுந்த பணியும் அதுவே.

அரசாங்கம் மனம் வைத்தால் இயலக்கூடியதற்கும் உலகில் எடுத்துக்காட்டு உண்டு. அயர்லாந்திலே 1937 முதல் 1939 வரை நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு ஒரு முயற்சியை நடத்திற்று. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர், தம் வீட்டு முதியோரிடம் கதை, மருந்து, ஊர்ச் செய்தி, தொழில், பஞ்சகால நினைவு ஆகியவற்றைக் கேட்டு எழுதினர். கேட்க வேண்டிய வினாக்கள் கைநூலாக ஆசிரியர்க்கு வழங்கப்பட்டன. வாராந்தக் கட்டுரைப் பயிற்சிக்குரிய நேரமே இதற்கு ஒதுக்கப்பட்டது. அதாவது, இருக்கும் வேலையின் மேல் இன்னொரு வேலை சுமத்தப்படவில்லை. ஒன்றை இறக்கிவிட்டு ஒன்றை ஏற்றினர். திரண்டவை சுமார் 7,40,000 பக்கங்கள். வேற்றாட்சியில் மொழியையும் நிலத்தையும் இழந்திருந்த ஓர் ஏழை நாடு தன் ஆசிரியரைக் கொண்டு சாதித்தது இது.

எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. அயர்லாந்தின் ஆசிரியர் திரட்டிக் கொடுத்தனர். பொருளுரைக்கும் உரிமை பெரும்பாலும் தலைநகரத்து அறிஞரிடமே இருந்தது. ஆங்கிலக் கல்வியறிஞர் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட நூலிலே, ஆசிரியனே தன் வகுப்பறையை ஆராயும் ஆராய்ச்சியாளனாக வேண்டுமென வற்புறுத்தினார். பிறர் கண்டுபிடித்ததை நிறைவேற்றும் ஏவலாளாக ஆசிரியனை வைத்திருக்கும் வரையில் கல்வி திருந்தாது என்பது அவர் வாதத்தின் சாரம். சேகரிப்பவன் ஒருவன், சிந்திப்பவன் இன்னொருவன் என்ற பிரிவு, உழைப்பவன் ஒருவன், உண்பவன் இன்னொருவன் என்ற பிரிவின் நிழலே.

இனி நமது ஆசிரியரின் நிலையை நோக்குவோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தனர். அவர்களிலிருந்தே இன்றைய ஆசிரியர் உலகம் உருவாயிற்று. இது பெரும் வெற்றி. ஆனால் அவ்வாசிரியரின் நாள் எவ்வாறு கழிகின்றது? காலையில் வகுப்பு, இடையிலே படிவங்கள், மாலையிலே பிழைப்புக்காகத் தனிப்போதனை, இரவிலே விடைத்தாள். 2021ஆம் ஆண்டிலே சம்பள முரண்பாட்டை எதிர்த்து மூன்று மாதங்களுக்கு மேல் ஆசிரியரும் அதிபரும் போராடினர். மறு ஆண்டிலே காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. வயிறு நிறையாத ஆசிரியரிடம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது உபதேசமாகவே முடியும். ஆகவே ஆசிரியரின் சம்பளப் போராட்டமும் அறிவுப் போராட்டமும் ஒன்றுக்கொன்று புறம்பானவை அல்ல.

சுவடிகளின் கதையும் துயரமானதே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மலைநாட்டில் எரிப்பதற்கே நூலகங்கள் அரிதாயிருந்தன. அங்கே நினைவுகள் கப்பலேறிச் சென்றன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கூறுபட்ட குடும்பங்களோடு, வட பாதையை நடந்தோரின் பேரப்பிள்ளைகளும் பிரிந்தனர். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் இணைய நூலகம் இன்று பல்லாயிரம் ஈழத்து வெளியீடுகளை எவரும் படிக்குமாறு வைத்திருக்கின்றது. மாத்தளையின் மூலையில் இருக்கும் ஆசிரியர் யாழ்ப்பாணத்துப் பழைய இதழை அங்கிருந்தே வாசிக்கலாம். கைத்தொலைபேசியால் கோயிற் கணக்கேட்டைப் படம்பிடிக்கலாம். கருவி கைக்கு வந்துவிட்டது, அமைப்புத்தான் வரவில்லை.

ஆராய்ச்சியால் கற்பித்தல் கெடும் என்று சிலர் அஞ்சுவர். பதவி உயர்வுக்கென்று பட்டம் தேடும் ஆராய்ச்சியால் அது கெடுவது உண்மை. தன் ஊரைப் பற்றிய உண்மையான கேள்வியோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியருக்கு அந்த அச்சம் இல்லை. அவருடைய மாணவர் மனனஞ் செய்வோராக இரார், சான்று கேட்போராக வளர்வர். இதனினும் பெரிய ஆபத்து வேறொன்று. ஊர் வரலாறு என்ற பெயரில் சாதிப் பெருமையும் இனச் செருக்கும் அச்சேறுவதை நாம் காண்கின்றோம். எம்மவரே முதலில் வந்தோர், மற்றையோர் வந்தேறிகள் என்று நிறுவுவதற்கே சிலர் கல்வெட்டைத் தேடுகின்றனர். இத்தகைய ‘ஆராய்ச்சி’ நமது தீவில் எவ்வளவு இரத்தத்துக்கு வழிகோலிற்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இதற்கு மருந்து, தனியே எழுதாமல் கூடி எழுதுவதே. அதுவும் வேற்று மொழியார், வேற்று மதத்தார் கேட்கும் சபையிலே தம் சான்றை வைப்பதே.

இவ்வகையில் வஹகோட்டை நமக்குச் சிறந்த பாடம். ஐரோப்பியக் குருதி கலந்தோர் எனப்படுவோர், கண்டி மன்னன் அளித்த அடைக்கலத்தில் வாழ்ந்து, கோவாக் குருமாரிடம் சமயம் பெற்று, ‘அண்ணாவி’ என்னும் தமிழ்ச் சொல்லால் தம் தலைவரை அழைத்து, சிங்களம் பேசும் இலங்கையராயினர். தூய இனம், தூய மொழி என்ற கட்டுக்கதைகளை உடைப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே நாம் வேண்டுவன பெரியவை அல்ல. மாத்தளை மாவட்டத்துச் சிங்கள, தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் ஆசிரியர் இருபது பேர் மாதத்தில் ஒருநாள் ஓரிடத்திற் கூடட்டும். வஹகோட்டைக் கோயிற் பதிவேடுகளை ஒரு சாரார் படியெடுக்கட்டும்; கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஒல்லாந்தர் ஆவணங்களைப் படிக்க ஒருவரேனும் பயிலட்டும்; வட பாதையோரத்து முதியோரின் நினைவுகளை மாணவர் எழுதட்டும். கிழமையில் இரண்டு பாடவேளைகளை இதற்கென விடுவிக்கும்படி ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்துக் கோரட்டும். பல்கலைக்கழகத்தார் வந்து முறைகளைக் கற்பிக்கட்டும். வந்தோர் ஊரவரிடம் கற்றுச் செல்லட்டும். எழுதப்படுவது இரு மொழிகளிலும் ஒரு சிறு வெளியீடாக வரட்டும். பாடல் சொன்ன கிழவியின் பெயர் முதல் ஏடு தந்தவர் பெயர் வரை, அவரவர் இசைவோடு, அதில் இடம்பெறட்டும்.

குருமார் துரத்தப்பட்ட காலத்திலே பதவியோ ஊதியமோ இல்லாத அண்ணாவிகள் ஓர் ஊரின் நினைவைக் காத்தனர். இன்றைய ஆசிரியருக்கு எழுத்து உண்டு, சங்கம் உண்டு, ஓரளவு ஊதியமும் உண்டு. முதியோரோ ஆண்டுதோறும் மறைந்து வருகின்றனர். அடுத்த தவணை விடுமுறை இவ்வேலையைத் தொடங்குவதற்குப் போதுமானது.